பழைய லாரியின் டீசல் பம்ப்: கழற்றுவதிலிருந்து டைமிங் வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

"பம்ப் போயிருச்சுங்ணா, இறக்கிக் கடைக்கு அனுப்பிடலாங்களா?"

பழைய டாட்டாவோ லேலண்டோ கரும்புகை தள்ளினாலும் சரி, மேட்டில் இழுக்காமல் நின்றாலும் சரி, ஓட்டுநர் வாயில் வரும் முதல் கேள்வி இதுதான். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் பம்பில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அடைத்த ஃபில்டர், காற்று இழுக்கும் ஒரு பைப் ஜாயின்ட், தேய்ந்த நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) என்று வேறு எதுவோதான் காரணமாக இருக்கும். நன்றாக இருந்த பம்பை இறக்கி, திரும்ப ஏற்றும்போது டைமிங்கைத் தவறவிட்டு, இல்லாத நோயை வண்டிக்குக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். அதனால் இந்த வழிகாட்டியில் பம்பைக் கழற்றும் கட்டம் பாதி வழிக்கு மேல்தான் வரும்.

இங்கே சொல்வது இன்லைன் பம்பைப் பற்றி மட்டும். சிலிண்டருக்கு ஒன்று வீதம் எலிமென்ட்கள் (பேரல் என்ற குழலும் அதனுள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற தண்டும் சேர்ந்த ஜோடி) வரிசையாக நிற்கும் பம்ப் அது. ரோட்டரி பம்ப், காமன் ரெயில் இரண்டுக்கும் வேலை முறையே வேறு.

எந்தப் பம்ப் என்று முதலில் படியுங்கள்

ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் இந்த வகைப் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம் இதைச் செய்தது. 2008-இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிய பிறகும் நம் ஊரில் இது மைக்கோ பம்ப்தான். டாட்டா 1954 முதல் 1969 வரை டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் வைத்திருந்த காலத்து வடிவமைப்பின் வழியில் வந்த 697 என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 1210 வண்டிகளில் ஓடிய இந்த என்ஜினில் நிற்பது ஏ வகைப் பம்ப். கீழே வரும் எடுத்துக்காட்டுகளுக்கு அதையே மனதில் வைத்திருக்கிறேன்.

பம்பின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும். அதில் பி.ஈ.எஸ். 6 ஏ 85 டி 410 ஆர்.எஸ். என்பது போல ஒரு வரி. 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஏ என்பது பம்பின் அளவு வகை, 85 என்றால் பிளஞ்சர் விட்டம் 8.5 மில்லிமீட்டர், ஆர் என்றால் ட்ரைவ் பக்கமிருந்து பார்க்கும்போது ஷாஃப்ட் வலப்புறம் சுழலும். என்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னருக்குத் தனித் தகடு உண்டு. இரண்டையும் துடைத்து அலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பம்ப் கடையில் இந்த இரண்டு எண்களையும் வைத்துத்தான் எவ்வளவு டீசல் விடுவது என்ற கணக்கை எடுப்பார்கள். கை மாறி மாறி வந்த பழைய வண்டிகளில் வேறு என்ஜினின் பம்ப் ஏறியிருப்பதும் இந்தத் தகட்டில்தான் தெரியவரும்.

பம்ப் உள்ளே நடக்கும் வேலையைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. கேம் ஷாஃப்ட் பிளஞ்சரை மேலே தள்ளுகிறது. பிளஞ்சரின் தலை, பேரலில் உள்ள துளையை மூடும் நொடியில் டீசல் அழுந்தத் தொடங்குகிறது. அந்த நொடிக்குத்தான் டைமிங் என்று பெயர். பிளஞ்சரில் சாய்வாக வெட்டிய ஒரு பள்ளம் மறுபடி அந்தத் துளைக்கு நேரே வரும்போது அழுத்தம் வெளியேறி, டீசல் பீச்சுவது நின்றுவிடும். ரேக் என்ற நீளக் கம்பி முன்னும் பின்னும் நகர்ந்து பிளஞ்சரைத் திருப்புவதால் அந்த முடிவு முன்பாகவோ பின்பாகவோ வரும். ஆக்சிலேட்டர் மிதிப்பது கவர்னர் வழியாக இந்த ரேக்கைத்தான் நகர்த்துகிறது. முழு லோடில்கூட ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டருக்குள் போவது ஏறக்குறைய ஒரு தண்ணீர்ச் சொட்டு அளவு டீசல். 2800 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு எலிமென்டும் நிமிடத்துக்கு 1400 தடவை அதைச் செய்கிறது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அங்கே உரசும். பம்ப் வேலையில் சுத்தம், சுத்தம் என்று பெரியவர்கள் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

பம்பைத் தொடும் முன்

டீசல் டேங்கிலிருந்து தொடங்குங்கள். வண்டி பத்து இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு மூச்சடைத்து நின்று, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு கம்பி போதும், வேலை முடிந்தது.

அடுத்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பான ஃபீட் பம்பின் அடியில் உள்ள சிறிய கிண்ணமும் வடிகட்டும் வலையும். அதன் பிறகு இரண்டு ஃபில்டர்கள். ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீரோ, செம்மண் நிற வண்டலோ இருந்தால் பம்ப் உள்ளேயும் அது போயிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காற்று பிடிக்கிறதா என்று பார்க்க, டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் குழாய்க்குப் பதிலாக ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது இழுக்கும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். எனவே ஈரம் இல்லை என்பதற்காக அந்த ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வெளியே ஒழுகும் ஓட்டைகள் எல்லாம் ஃபீட் பம்பைத் தாண்டிய பக்கத்தில் இருப்பவை.

இனி நாசில். என்ஜினை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு நாசிலின் ஹைபிரஷர் பைப் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்று தளர்த்தி இறுக்குங்கள். துணி சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தளர்த்தும்போது என்ஜின் சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. சத்தம் மாறவே இல்லையென்றால் அங்கேதான் நோய். அந்த நாசிலையும் பக்கத்து நாசிலையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி சோதியுங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் நாசில். அதே சிலிண்டரில் நின்றால் பம்பின் அந்த எலிமென்ட், டெலிவரி வால்வு, அல்லது என்ஜின் கம்ப்ரஷன்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கிறது. அந்தப் பீச்சலின் முன் விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்தாற்போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நடந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

புகையும் பேசும். லோடில் கரும்புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். ஏர் கிளீனரைப் பார்க்காமல் பம்பைக் குறை சொல்லக்கூடாது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்து, கண்ணை எரிக்கும் வெண்புகை வந்தால் டைமிங் பின்தங்கியிருக்கலாம், கம்ப்ரஷனும் குறைந்திருக்கலாம். சுத்தியால் தட்டுவது போல் கடகடவென்று சத்தம் வந்து, என்ஜின் சூடும் ஏறினால் டைமிங் முன்னால் போயிருக்கலாம். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவது, பம்புக்கு அதில் வேலை இல்லை.

டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பம்புக்கு என்ஜின் ஆயிலே சுற்றி வரும் வண்டிகளில் ஆயில் மட்டம் தானாக ஏறி, டீசல் வாடை அடித்தால் எலிமென்ட் தேய்ந்து டீசல் கீழே இறங்குகிறது, அல்லது ஃபீட் பம்பின் தண்டு வழியாகக் கசிகிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் போகும். இந்த அறிகுறி இருந்தால் தள்ளிப்போடாமல் பம்பை இறக்குங்கள்.

வண்டியில் வைத்தே செய்யக்கூடிய பழுதுகள்

பம்பைக் கடைக்கு அனுப்பாமலே தீர்க்கக்கூடியவை மூன்று நான்கு உண்டு.

ஃபீட் பம்ப் அவற்றில் முதலாவது. அதிலுள்ள பிரைமரை (கையால் அடித்து டீசல் ஏற்றும் சிறு பம்ப்) அடிக்கும்போது கெட்டியாக எதிர்ப்பு கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளையும் கழற்றி, கழுவி, உட்காரும் முகத்தைப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டுவிடலாம். பிரைமர் கைப்பிடியை வேலை முடிந்ததும் திருகிப் பூட்ட மறந்தால் அந்த வழியாகவே காற்று இழுக்கும்.

இரண்டாவது, வாக்யூமில் வேலை செய்யும் கவர்னர் உள்ள பழைய வண்டிகளின் டயஃப்ரம். என்ஜின் இழுக்கும் காற்றின் வாக்யூம் இந்த டயஃப்ரத்தை இழுத்து ரேக்கைக் குறைக்கிறது. டயஃப்ரம் கிழிந்தால் இழுக்க ஆளில்லாமல் ஸ்பிரிங் ரேக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். ஐடில் நிற்காமல் ஏறுவது, ஓங்கி ஓங்கி இறங்குவது, சில நேரம் என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடுவது எல்லாம் இதனால் வரும். சோதிப்பது எளிது. என்ஜின் நின்றிருக்கும்போது ஸ்டாப் லிவரை முழுவதும் இழுத்துப் பிடித்து, வாக்யூம் குழாய் சேரும் வாயை விரலால் இறுக்கி மூடி, பிறகு லிவரை விடுங்கள். ரேக் கொஞ்சம் நகர்ந்து, பிறகு மெல்ல ஊர்ந்து வந்தால் டயஃப்ரம் நல்லது. டப்பென்று திரும்பி வந்தால் கிழிந்திருக்கிறது. டயஃப்ரம் மாற்றும் முன் அந்த வாக்யூம் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் இதே தொல்லையைத் தரும்.

மூன்றாவது, இறுகிப்போன ரேக். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் டீசல் பிசினாகி, அல்லது தண்ணீர் துருவாகி, ஒரே ஒரு பிளஞ்சர் ஒட்டிக்கொண்டாலும் மொத்த ரேக்கும் நகராது. பக்கத்து மூடியைத் திறந்தால் எலிமென்ட்களின் கீழ்ப்பகுதி தெரியும். சுத்தமான டீசலை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, எந்த எலிமென்டின் ஸ்லீவ் திரும்பவில்லை என்று விரலால் தேடுங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள். ரேக் விரல் நுனியால் தள்ளினாலே வழுக்கி ஓட வேண்டும். அந்த நிலை வராமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. முழு டீசல் நிலையில் ரேக் ஒட்டியிருந்தால் என்ஜின் கையை மீறிப் போய்விடும்.

நான்காவது டெலிவரி வால்வு. ஹைபிரஷர் பைப் பம்பில் சேரும் இடத்துக்குக் கீழே, ஹோல்டருக்குள் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருப்பது அது. ஒவ்வொரு பீச்சலுக்குப் பிறகும் பைப்பிலிருந்து கொஞ்சம் டீசலைப் பின்வாங்கி, நாசிலைப் பட்டென்று மூட வைப்பது இதன் வேலை. இது கசிந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும். கழற்றி, சுத்தமான டீசலில் நனைத்து, சீட்டின் அடித்துளையை விரலால் மூடிக்கொண்டு வால்வை மேலே தூக்கி விடுங்கள். வளையம் துளைக்குள் நுழைந்ததும் காற்று மெத்தையில் நிற்பது போல் நின்றால் நல்லது. விரலை எடுத்ததும் தன் எடையிலேயே உட்கார வேண்டும். தடையில்லாமல் தொப்பென்று அடிவரை விழுந்தால் தேய்ந்துவிட்டது. வால்வும் சீட்டும் ஒன்றோடொன்று உரசிச் செய்த ஜோடி. ஒன்றின் வால்வை இன்னொன்றின் சீட்டில் போடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றினால் இந்தக் குழப்பமே வராது.

ஹோல்டரைத் திரும்ப இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் வேண்டும். ஏ வகைப் பம்புக்கு 4 முதல் 4.5 கிலோகிராம்-மீட்டர் அளவு, உங்கள் பம்பின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. நீளக் கம்பி போட்டு இறுக்கினால் அடியில் உள்ள பேரல் நெளிந்து பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஹோல்டரை இறுக்கியதும் ரேக்கை அசைத்துப் பாருங்கள். திடீரென்று கனமானால் அந்த ஹோல்டர்தான் காரணம்.

பம்பை இறக்குவது

முதலில் வெளிப்புறம் முழுக்கக் கழுவுங்கள். பம்ப், பைப்புகள், சுற்றியிருக்கும் பிளாக் எல்லாவற்றையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, காற்றடித்துக் காய வையுங்கள். நூல் பிரியும் வேஸ்ட் துணியைக் கழற்றிய பாகங்களின் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஒரு இழை போதும் நாசிலை அடைக்க.

பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள்.

இப்போது செய்யும் ஒரு வேலை பின்னால் அரை நாளை மிச்சப்படுத்தும். பம்பைக் கழற்றும் முன்பே என்ஜினைக் கையால் சுற்றி, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், டைமிங் குறிக்கு நேரே நிறுத்துங்கள். கம்ப்ரஷனா எக்ஸாஸ்டா என்று எப்படித் தெரியும்? 1-5-3-6-2-4 என்று அடிக்கும் என்ஜினில் 1-உம் 6-உம் ஜோடி. வால்வுகளுக்கு மேலே இருக்கும் டேப்பட் மூடியைத் திறந்து 6-ஆவது சிலிண்டரைப் பாருங்கள். அங்கே ஒரு வால்வு மூடி அடுத்தது திறக்கத் தொடங்கும் ஆட்டம் நடந்தால், 1-ஆவது சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்திருக்கிறது. அதன் வால்வுகளைத் தள்ளும் இரண்டு ராக்கர்களும் கையால் அசைத்தால் லூசாக இருக்கும்.

அந்த நிலையில் பம்பை என்ஜினோடு சேர்க்கும் ஃப்ளேஞ்சிலும் என்ஜின் பக்கத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு உளிக் கோடு போடுங்கள். பெயின்ட் கோடு டீசலில் கழன்றுவிடும். பைப்புகளைக் கழற்றி இரு முனைகளையும் மூடுங்கள். ஆக்சிலேட்டர் கம்பி, ஸ்டாப் கேபிள், ஆயில் குழாய் இருந்தால் அது, பிறகு பம்ப். பம்பை இறக்கிய பின் கிராங்கைச் சுற்ற வேண்டாம் என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வேறொருவர் டேப்பட் பார்க்கிறேன் என்று சுற்றிவிடுவார்.

பம்ப் கடையில் என்ன கேட்க வேண்டும்

எலிமென்ட் மாற்றுவதும் கேலிபரேஷனும் (டீசல் அளவைச் சரிபார்த்து அமைப்பதும்) டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் செய்யும் வேலை அல்ல. கையால் முடியும் என்று சொல்பவரிடம் பம்பைக் கொடுக்காதீர்கள். பெஞ்சில் மூன்று விஷயங்கள் பார்க்கப்படும். ஒன்று, ஒவ்வொரு எலிமென்டும் முந்தையதற்கு அடுத்து 60 டிகிரி பம்ப் சுழற்சியில் சரியாகத் தொடங்குகிறதா என்பது. இரண்டு, குறிப்பிட்ட வேகத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஸ்ட்ரோக்குக்கு ஆறு அளவுக் குழாய்களிலும் ஒரே மட்டம் விழுகிறதா என்பது. ஐடிலில் தனியாக, முழு லோடில் தனியாக இதைப் பார்ப்பார்கள். மூன்று, கவர்னர் எந்த வேகத்தில் டீசலை வெட்டுகிறது என்பது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கேட்காமலே தருவார்.

பழைய எலிமென்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிளஞ்சரின் தலைப்பக்கம், சாய்வு வெட்டுக்கு அருகில் பால் நிறத்தில் மங்கிய திட்டும், நீளவாக்கில் மெல்லிய கீறல்களும் இருந்தால் தூசி தின்றிருக்கிறது. அப்படியானால் புது எலிமென்ட் போட்டாலும் ஃபில்டரும் டேங்கும் சுத்தமாகாமல் பயன் இல்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஓடிய வண்டிகளிலும் உரசல் சீக்கிரம் வரும். மண்ணெண்ணெயில் வழவழப்பு குறைவு, பிளஞ்சருக்கு டீசலைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது.

இன்னொன்று, ஈய முத்திரை வைத்த ஃபுல் லோடு ஸ்குருவைத் திருகி "புல்லிங் கூட்டித் தாங்க" என்று கேட்காதீர்கள். கூடுதல் டீசலுக்கு ஈடான காற்று வராது. கரும்புகையும், எக்ஸாஸ்ட் சூடும், கடைசியில் உருகிய பிஸ்டன் தலையும்தான் வரும். பிஸ்டன் துளை விழுந்து வந்த ஒரு வண்டியில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முத்திரை உடைந்து கிடந்தது, மூன்று மாதம்தான் புல்லிங் நன்றாக இருந்ததாம்.

பம்பை ஏற்றி டைமிங் வைப்பது

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். 20 டிகிரி என்று சொல்லும்போது பெரிதாகத் தெரியும். 2800 சுற்றில் அது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றைவிடச் சற்றுத்தான் அதிகம். இரண்டு டிகிரி பிசகினாலும் லோடு வண்டிக்குத் தெரியும்.

உங்கள் என்ஜினுக்கு எத்தனை டிகிரி என்பதை அதன் கையேட்டிலோ தகட்டிலோ பாருங்கள். ஒரே என்ஜினின் வெவ்வேறு வருட மாடல்களுக்கு எண் மாறும். பக்கத்து வண்டிக்காரர் சொன்ன எண்ணை வைக்காதீர்கள்.

குறி நம்பத்தக்கதா என்றும் பாருங்கள். கிராங்கின் முன்புறப் புல்லியில் அதிர்வு தாங்கும் ரப்பர் ஒட்டிய டேம்பர் இருந்தால், பழசாகும்போது ரப்பர் விட்டு வெளி வளையம் நழுவும். குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டர் உண்மையில் உச்சிக்கு வரும் இடத்தையும் குறியையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டிகிரிக் கோடுகள் அழிந்திருந்தால் கணக்கால் போடலாம். புல்லியின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 200 மில்லிமீட்டர் புல்லியானால் டிகிரிக்கு 1.74 மில்லிமீட்டர், 20 டிகிரிக்கு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். உச்சிக் குறியிலிருந்து அந்தத் தூரத்தை ஒரு காகித நாடாவால் வளைவோடு அளந்து கோடு போடுங்கள். எந்தப் பக்கம் அளப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். என்ஜின் ஓடும் திசையில் சுற்றும்போது புதுக் கோடு முதலில் என்ஜினில் உள்ள குறிகாட்டும் முள்ளுக்கு வர வேண்டும், உச்சிக் குறி அதன் பின்னால் வர வேண்டும்.

கிராங்கை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில்தான் இருக்கிறதா என்று 6-ஆவது சிலிண்டரின் வால்வுகளை மறுபடி பாருங்கள். பம்பின் ஷாஃப்டில் உள்ள குறியை உடலில் உள்ள குறிக்கு நேரே திருப்பிப் பம்பை உள்ளே செலுத்துங்கள். கியர் பற்கள் சாய்வானவை என்பதால் உள்ளே போகப் போக ஷாஃப்ட் கொஞ்சம் சுழலும். முழுதும் உட்கார்ந்த பிறகு குறி எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. தள்ளிப் போனால் வெளியே எடுத்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே திருப்பிவிட்டுச் செலுத்துங்கள். ஃப்ளேஞ்ச் நட்டுகள் நீள்துளையின் நடுவில் நிற்கும்படி கையிறுக்கமாக வையுங்கள். பம்புக்குத் தனி ஆயில் இருந்தால் இப்போதே மட்டம் வரை ஊற்றிவிடுங்கள், புதிதாக வந்த பம்ப் காய்ந்து கிடக்கும்.

இது உத்தேச நிலை. துல்லியத்துக்குச் சொட்டு முறை.

1. முதல் எலிமென்டின் ஹைபிரஷர் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து, வால்வையும் ஸ்பிரிங்கையும் மட்டும் எடுத்துச் சுத்தமான டீசல் கிண்ணத்தில் மூழ்க வையுங்கள். சீட் உள்ளேயே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்பப் போட்டு, அதன் மேல் வாத்துக் கழுத்துப் போல் வளைந்த ஒரு சிறு குழாயை மாட்டுங்கள். பழைய ஹைபிரஷர் பைப்பை வெட்டி வளைத்தே இதைச் செய்துகொள்ளலாம்.

2. ஸ்டாப் லிவர் ஓடும் நிலையிலும் ஆக்சிலேட்டர் லிவர் முழுதும் மிதித்த நிலையிலும் இருக்க வேண்டும். ஸ்டாப்பில் இருந்தால் டைமிங்கே தெரியாது. சில பம்புகளில் பிளஞ்சர் தலையில் ஸ்டார்டிங்குக்கென்று ஒரு சிறு வெட்டு உண்டு. என்ஜின் நின்றிருக்கும்போது ரேக் அந்த அதிக டீசல் நிலைக்குப் போய் நின்றால் துளை தாமதமாக மூடும், டைமிங் தவறாகப் படிக்கும். அந்த வகைப் பம்பில் ரேக்கை ஃபுல் லோடு நிலையில் நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

3. பம்புக்கு அரை மீட்டர் உயரத்தில் ஒரு டீசல் டப்பாவைத் தொங்கவிட்டு அதிலிருந்து பம்பின் உள்வழிக்குக் குழாய் கொடுங்கள். அல்லது உதவிக்கு ஒருவர் பிரைமரை ஒரே சீராக அடிக்கட்டும். டப்பா முறையில் அழுத்தம் மாறாது, எனக்கு அதில்தான் நம்பிக்கை.

4. கிராங்கை, குறி வருவதற்கு ஒரு கால்சுற்று முன்னால் இருக்கும்படி பின்னே திருப்பி, அங்கிருந்து ஓடும் திசையில் மெதுவாகக் கொண்டு வாருங்கள். குழாயில் டீசல் தாரையாக வரும். குறி நெருங்கும்போது தாரை மெலியும், அறுந்து சொட்டாகும், பிறகு ஒரு சொட்டு நுனியில் தொங்கி விழச் சில விநாடி எடுத்துக்கொள்ளும். அங்கே நிறுத்துங்கள். துளை மூடிவிட்டது. கடந்துவிட்டால் பின்னே ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்யாதீர்கள். கியர் பற்களின் இடைவெளி உங்களை ஏமாற்றும். மறுபடி கால்சுற்று பின்னால் போய் முன்னே வாருங்கள்.

5. இப்போது முள் எந்த டிகிரியில் நிற்கிறது என்று படியுங்கள். மூன்று முறை செய்து, மூன்றும் ஒரே இடத்தில் வந்தால்தான் அந்த எண்ணை நம்புங்கள்.

குறிக்கு முன்பே சொட்டு நின்றுவிட்டால் டைமிங் முன்னால் இருக்கிறது, குறியைத் தாண்டி நின்றால் பின்தங்கியிருக்கிறது. ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராகப் பம்ப் உடலைச் சாய்த்தால் டைமிங் முன்னால் வரும். அதே திசையில் சாய்த்தால் பின்னால் போகும். கப்ளிங் வழியாக ஓடும் பம்பில் உடல் அசையாது, கப்ளிங் போல்ட்டைத் தளர்த்தி ஷாஃப்டைச் சுழலும் திசையில் நகர்த்தினால் முன்னால் வரும். பம்ப் என்ஜினின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. எனவே கிராங்கில் 4 டிகிரி வித்தியாசம் என்றால் பம்பில் 2 டிகிரிதான் நகர்த்த வேண்டும். இதை மறந்து இரட்டிப்பாக நகர்த்திவிட்டு, மறுபடி எதிர்ப்பக்கம் நகர்த்தி, மாலை வரை ஆடுபவர்கள் உண்டு. நீள்துளை முழுவதும் தீர்ந்தும் குறி எட்டவில்லை என்றால் கியர் ஒரு பல் மாறியிருக்கிறது, வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டு மறுபடி ஒருமுறை சொட்டுப் பாருங்கள். இறுக்கும்போதே பம்ப் அரை டிகிரி நகர்ந்துவிடும்.

சரியாக வந்ததும் வால்வையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டு, புது வாஷரோடு, சொன்ன டார்க்கில் இறுக்குங்கள். கிண்ணத்தில் வால்வை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்ய முயலும் தவறு பழகிய கைகளுக்கும் வரும். அதனால் அந்தக் கிண்ணத்தை நான் பம்பின் மேலேயே வைத்துக்கொள்வேன், அதை எடுக்காமல் பைப்பை மாட்ட முடியாது.

பம்ப் கியரில் தானியங்கி அட்வான்ஸ் எடைகள் இருந்தால் அதன் தேய்மானம் இந்தச் சோதனையில் தெரியாது. நின்ற நிலையில் டைமிங் சரியாக இருந்து, வேகம் ஏறும்போது மட்டும் வண்டி சோர்ந்தால் அங்கே தேடுங்கள்.

காற்று எடுப்பதும் முதல் ஸ்டார்ட்டும்

வரிசை முக்கியம். முதல் ஃபில்டரின் மேல் ஸ்குரு, இரண்டாவது ஃபில்டர், பிறகு பம்பின் பக்கத்து ஸ்குரு. பிரைமரை அடித்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் குமிழி இல்லாத டீசல் வந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியாக நாசில் பக்க நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை மிதித்து, ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடி மட்டும் சுற்றுங்கள். டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட்டர் ஆற நேரம் கொடுங்கள்.

பம்ப் வேலை முடிந்த முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் ஸ்டாப் லிவரில் கை வைத்து நிற்க வேண்டும். இன்னொருவர் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிய வாயருகே ஒரு கனமான பலகையோடு நிற்கட்டும். என்ஜின் கட்டுமீறி ஓடினால் ஸ்டாப்பை இழுங்கள். நிற்கவில்லையென்றால் பலகையால் காற்றை அடையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்க முயலாதீர்கள், இழுத்துக்கொள்ளும்.

சுற்றச் சுற்ற வெண்புகை மட்டும் வந்து, ஒரு அடிகூட அடிக்கவில்லையா? காற்று இல்லை என்பது உறுதியானால், பம்ப் ஒரு முழுக் கிராங்க் சுற்று மாறி உட்கார்ந்திருக்கும். கம்ப்ரஷனுக்குப் பதில் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் வைத்துவிட்ட கதை. வேறொரு பட்டறையில் இரண்டு நாள் பேட்டரி பேட்டரியாக மாற்றிச் சுற்றிவிட்டு, பம்ப் கடை கெடுத்துவிட்டது என்று கொண்டுவந்த வண்டி ஒன்று நினைவிருக்கிறது. டேப்பட் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பம்பை வெளியே எடுத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி ஏற்றியதும் முதல் சாவியிலேயே பிடித்தது.

லோடு ஏற்றி ஓட்டிப் பார்ப்பது

காலி வண்டியில் டைமிங் நன்றாகத்தான் தெரியும். லோடோடு ஒரு மேடு ஏறினால்தான் உண்மை வெளிவரும். சேலம் பக்கத்து வண்டி என்றால் தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறிப் பாருங்கள். கியர் இறக்கி முழுதும் மிதித்திருக்கும்போது மெல்லிய சாம்பல் நிறப் புகை வந்து, தண்ணீர்ச் சூடு ஓரிடத்தில் நின்றால் நல்லது. தட்டும் சத்தம் கூர்மையாகி சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் வண்டியை ஓரம் கட்டுங்கள், டைமிங் முன்னால் இருக்கிறது. சத்தம் மெத்தென்று இருந்தும் இழுவை இல்லாமல், புகை கூடி, மேனிஃபோல்ட் சிவக்கச் சூடேறினால் பின்தங்கியிருக்கிறது. எதுவானாலும் காதால் கேட்டே பம்பைத் தட்டி நகர்த்தாதீர்கள். சொட்டு முறைக்கே திரும்புங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் பம்ப் ஃப்ளேஞ்ச் நட்டுகளையும் பைப் நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், உளிக் கோட்டிலிருந்து புது இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அங்கே புதுக் கோடு ஒன்று வெட்டுங்கள், ஃபில்டர் கிண்ணத்தை இறக்கித் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், டிப் ஸ்டிக்கை எடுத்து மறுபடி ஒருமுறை மோந்து பாருங்கள்.